மயிலை பால் விடவில்லை

போன தை மாதம் என் வீட்டம்மா தவறிவிட்டார். 34 வருஷம் பேங்கில் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு 4 ஏக்கரில் இயற்கை விவசாயம் செய்கிறேன் என்று பெருமை பேசுவது நான். மாட்டைப் பார்த்துக்கொண்டது அவர். எங்கள் காங்கேயம் மாடு மயிலையிடம் 9 வருஷத்தில் ஒருநாள்கூட நான் பால் கறந்ததில்லை.

எடுத்த அன்று கூட்டத்தைப் பார்த்து மிரளும் என்று மயிலையை ஓட்டிக்கொண்டுபோய் மேற்கே வேப்பமரத்தில் கட்டிவிட்டார்கள். கன்னுக்குட்டி கட்டுத்தரையிலேயே நின்றுவிட்டது. காலை, சாயங்காலம் ரெண்டு வேளையும் கறக்கிற நினைப்பு யாருக்கும் இல்லை. மறுநாள் பார்த்தால் மடி கல்லாட்டம் இருந்தது. கன்னை அவிழ்த்துவிட்டால் கன்னையே உதைக்கிறது. போசியோடு உட்கார்ந்த என் கொழுந்தியாளுக்கும் ஒரு உதை விழுந்தது. "அக்காவைத் தேடுதுங்க மாமா" என்று அழுதுகொண்டே எழுந்து போய்விட்டார்.

தேடியது உண்மைதான். விடியற்காலை 5 மணிக்கு அடுப்படிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் திரும்பிக் கத்தும். ஆனால் மடி வலியும் உண்மை. வேளையையும் இடத்தையும் கன்னையும் ஒரே நாளில் மாற்றியது நாங்கள்தானே!

மடியில் பால் இருந்தால் மட்டும் போதாது, மாடு அதை இறக்கிவிட வேண்டும். கன்று முட்டும்போது, பழகிய கை படும்போது மூளையிலிருந்து ஆக்சிடோசின் சுரக்கிறது. அதன் வேகம் சில நிமிஷம்தான், அதற்குள் கறந்துவிட வேண்டும். பயமோ வலியோ வந்தால் அட்ரினலின் குறுக்கே நின்று தடுத்துவிடும். தேங்கிய பாலோ மடிநோய்க்கு வழி விடும். ஒருவர் "ஒரு ஊசி போட்டா இறங்கிடுங்க" என்றார். பால் இறக்க ஊசி போடுவது சட்டப்படியே குற்றம். வேண்டாம் என்றேன்.

பக்கத்துத் தோட்டத்து ஆயாதான் வழி சொன்னார். "ஏனுங்க தம்பி, ஆள் மாறுனது அதுக்குத் தெரியுதுங்க. புள்ள போட்டிருந்த சட்டையை மாட்டிக்கிட்டு உக்காருங்க."

அது என் சட்டைதான். பேங்குக்குப் போட்டுப்போன பழைய வெள்ளைச் சட்டையை, சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டுதான் அவர் கறப்பார். சாணிக்கறையும் வேர்வையுமாக, தூக்கிப்போட வைத்திருந்த துணி மூட்டைக்குள் கிடந்தது. நல்லவேளை, யாரும் துவைக்கவில்லை. வெந்நீரில் துணியை நனைத்து மடிக்கு ஒத்தடம் கொடுத்தேன். கன்னை முன்னால் கட்டினேன். சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மயிலை தோள்பட்டையை ரொம்ப நேரம் முகர்ந்தது. அன்றைக்கு அரை லிட்டர்தான். எனக்குத்தான் கண் மறைத்தது.

சட்டையின் வாசனை வேலை செய்ததா, ஒத்தடமா என்று கேட்டால் இரண்டும்தான் என்பேன்.

நாய் மணி விஷயத்தில் இந்தப் புத்தி எனக்கு வரவில்லை. அது அவர் கட்டிலுக்கு அடியிலேயே படுத்துக்கிடந்தது. சோறு தொடவில்லை. ஜப்பானில் ஹச்சிகோ என்ற நாய், 1925-ல் இறந்துபோன எஜமானரை எதிர்பார்த்து, 1935-ல் தான் சாகும்வரை டோக்கியோ ஷிபுயா ரயில் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த கதையை வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அஞ்சாம் நாள் ஈறு வெளுத்துப்போயிருந்ததைப் பார்த்துத்தான் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். உண்ணிக் காய்ச்சல். இன்னும் ரெண்டு நாள் துக்கம் என்றே விட்டிருந்தால் மணியும் போயிருக்கும். உண்ணி பொறுக்குவதும் வீட்டம்மா வேலையாகத்தான் இருந்தது.

உங்கள் வீட்டில் மாட்டை ஒருவர் மட்டுமே கறக்கிறார் என்றால், இந்த வாரமே இன்னொரு கையைப் பழக்குங்கள். முதலில் தீனி வைக்கட்டும், பிறகு மடி கழுவட்டும், அப்புறம் கறக்கட்டும். வீட்டில் சாவு விழுந்தாலும் கட்டுத்தரைக்கு ஒரு ஆளை ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது மயிலை என்னிடம் வேளைக்கு ஒன்றரை லிட்டர் கொடுக்கிறது. சட்டை இல்லாமலே உட்காருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வரும்போது மகன் கறக்கிறான். அவனுக்கு இன்னும் பாதிதான் விடுகிறது.