இயங்க மறுக்கும் கணினியும் ஒரு பென் டிரைவும்

எமது கிராமங்களிலுள்ள மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள், சிக்கன கடனுதவிச் சங்கங்கள், மீனவர் சங்கங்கள் பலவற்றின் கணக்குகள் இன்று கணினியிலேயே வைக்கப்படுகின்றன. அங்கத்தவரின் சேமிப்பு, கடன், தவணை, வட்டி யாவும் ஓர் எக்செல் கோப்புக்குள் அடங்கிவிடுகின்றன. அக்கணினியோ பெரும்பாலும் எவரோ அன்பளிப்பாகக் கொடுத்த பழைய இயந்திரம். ஒருநாள் அது திறக்க மறுக்கின்றது. விண்டோஸின் சின்னம் திரையில் தோன்றி, அத்துடன் நின்றுவிடுகின்றது. உடனே அதைப் பட்டணத்துக் கடைக்குக் கொண்டு செல்கின்றோம். கடைக்காரர் 'போர்மட்' செய்து, புதிதாக விண்டோஸ் ஏற்றித் தருகின்றார். கணினி இயங்குகின்றது, கணக்குகளைக் காணவில்லை.

இவ்வாறு கணக்கை இழந்த ஒரு சங்கத்தின் பெண்கள், வீடு வீடாகச் சென்று பாஸ் புத்தகங்களைச் சேகரித்து, மூன்று வருடக் கணக்கை மீள எழுதியதை நான் அறிவேன். பாஸ் புத்தகத்தைத் தொலைத்தவர்களின் சேமிப்பு எவ்வளவு என்பதில் எழுந்த மனஸ்தாபம் இலகுவில் தீரவில்லை. கடைக்காரரைக் குறைகூறிப் பயனில்லை. கணினியைத் திருத்தும்படியே அவரிடம் கேட்கப்பட்டது. கணக்கைக் காப்பாற்றும்படி எவரும் கேட்கவில்லை.

திறக்காத கணினியெல்லாம் செத்த கணினி அல்ல. இதை விளங்கிக்கொள்ள, ஆளியை அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கின்றது என்பதை அறிய வேண்டும். கணினியின் தாய்ப்பலகையில் பயோஸ் எனப்படும் சிறிய மென்பொருள் ஒன்று நிரந்தரமாகப் பதிக்கப்பட்டுள்ளது. (புதிய கணினிகளில் இதன் இடத்தை யூ.ஈ.எவ்.ஐ. பிடித்துள்ளது, வேலை ஒன்றுதான்.) அதிகாலையில் கோவிற் கதவைத் திறந்து, விளக்கேற்றி, மணியடித்து, பூசைக்குக் குருவானவர் வந்ததும் ஒதுங்கிக்கொள்பவரைப் போன்றது இது. நினைவகம், விசைப்பலகை ஆகியன சரியாக உள்ளனவா எனப் பார்த்த பின்னர், பணிசெயல் முறைமை, அதாவது விண்டோஸ் போன்றது, எங்கே இருக்கின்றதெனத் தேடும். தேடுவதற்கு அதனிடம் ஒரு வரிசை உண்டு. வழக்கமாக முதலிடம் வன்தட்டுக்கே. அங்குள்ள விண்டோஸ் பழுதடைந்திருந்தால் கணினி அவ்விடத்திலேயே நின்றுவிடும். ஆனால் அந்த வரிசையில் பென் டிரைவை முதலாவதாக வைத்து, அதில் ஒரு முழுமையான பணிசெயல் முறைமையையும் கொடுத்தோமானால், வன்தட்டிலுள்ள விண்டோஸின் தயவின்றியே கணினி எழுந்துவிடும். வன்தட்டிலுள்ள கோப்புகளையும் அநேகமாகத் திறந்து பார்க்கலாம்.

இதற்கு லினக்ஸ் மின்ட் மிகவும் பொருத்தமானது. இலவசமானது, எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வேறொரு நல்ல கணினியில் அதன் ஐ.எஸ்.ஓ. கோப்பை அதற்குரிய இணையத்தளத்திலிருந்து தரவிறக்க வேண்டும். ஏறத்தாழ 3 ஜீ.பி. அளவினது என்பதால், இணைய வசதி குறைந்த இடத்தவர்கள் பட்டணத்துக்குச் செல்லும்போது எடுத்து வரலாம். பென் டிரைவ் 8 ஜீ.பி. கொண்டதாக இருந்தால் போதும். இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். பாட்டொன்றைப் பிரதி செய்வதுபோல அக்கோப்பைப் பென் டிரைவுக்குள் போட்டால் கணினி அதிலிருந்து எழும்பாது. ரூபஸ் அல்லது எட்சர் எனும் இலவச மென்பொருளைக் கொண்டு அதை எழுத வேண்டும். எழுதும்போது பென் டிரைவில் முன்பிருந்தவை யாவும் அழிந்துபோகும். எனவே திருவிழாப் படங்கள் உள்ள பென் டிரைவை இதற்கு எடுக்காதீர்கள்.

இனி, நோயாளிக் கணினியை முற்றாக நிறுத்தி, பென் டிரைவைச் செருகி, ஆளியை அழுத்தியவுடன் உரிய விசையை விட்டுவிட்டுப் பலமுறை தட்ட வேண்டும். டெல், லெனோவோ கணினிகள் பலவற்றில் அது எஃப் 12, எச்.பி. ஆயின் எஃப் 9. ஏசர் சிலவற்றில் முதலில் எஃப் 2 மூலம் பயோஸுக்குள் சென்று, எஃப் 12ஐ அனுமதிக்க வேண்டியிருக்கும். தருணம் தவறினால் நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்குங்கள், கெடுதி ஒன்றுமில்லை. திரையில் தோன்றும் பட்டியலில் யூ.எஸ்.பி. எனும் பெயரையோ பென் டிரைவின் பெயரையோ தெரிவு செய்தால், சில நிமிடங்களில் மின்ட் திரை விரியும். மிகப் பழைய 32 பிட் கணினிகளில் மின்டின் இன்றைய பிரதான பதிப்பு இயங்காது. அவற்றுக்கு ஆன்டிஎக்ஸ் எனும் சிறிய லினக்ஸ் உதவும்.

திரையில் 'இன்ஸ்டோல்' என்றொரு சின்னம் இருக்கும். கணக்குகளை வெளியே எடுத்து முடிக்கும்வரை அதைத் தொடவே கூடாது. அதனூடாகச் சென்று வன்தட்டை அழிக்கச் சம்மதித்தால், கடையில் நடந்ததை நாமே செய்தவர்களாவோம். அதைத் தொடாதவரை மின்ட் நினைவகத்திலும் பென் டிரைவிலுமே இயங்கும். வன்தட்டில் தானாக எதையும் எழுதாது.

கோப்புகளைக் காட்டும் சாளரத்தின் இடப்பக்கத்தில் வன்தட்டு தெரியும். அதனுள் 'யூசர்ஸ்' எனும் கோப்புறையில், பாவனையாளரின் பெயரின் கீழ், 'டெஸ்க்டொப்', 'டொக்கியுமென்ட்ஸ்' இரண்டையும் பாருங்கள். எமது சங்கங்களின் கணக்குகள் பெரும்பாலும் டெஸ்க்டொப்பிலேயே கிடக்கும்! அவற்றை இரண்டாவது பென் டிரைவொன்றுக்குப் பிரதி செய்து, மின்டுடன் வரும் லிப்ரே ஒபிஸில் எக்செல் கோப்பைத் திறந்து, கடைசி மாதத் தொகைகள் சரிதானா எனச் செயலாளரும் பொருளாளரும் சேர்ந்து பார்ப்பது நல்லது. பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய கடிதங்கள் மட்டும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். பயப்பட வேண்டாம், அந்த எழுத்துரு மின்டில் இல்லை என்பதே காரணம். பாமினி உள்ள கணினியில் அவை மீண்டும் தமிழாகிவிடும்.

இரண்டு சந்தர்ப்பங்களில் இம்முறை கைகொடுக்காது. விண்டோஸ் தன் வன்தட்டை பிட்லொக்கர் கொண்டு பூட்டியிருந்தால், 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோல் இன்றி உள்ளே நுழைய முடியாது. அதைக் கணினி நலமாக இருக்கும்போதே எழுதி, சங்கத்தின் இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். அடுத்தது, வன்தட்டிலிருந்து 'டிக் டிக்' என்ற சத்தம் வருவது. அது பொறியே பழுதாவதன் அறிகுறி. மீண்டும் மீண்டும் முயல்வது நிலைமையை மோசமாக்கும். உடனே நிறுத்தி, தரவு மீட்பில் அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள்.

விண்டோஸ் 10க்கான வழமையான இலவசப் பாதுகாப்பு உதவியை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14இல் நிறுத்தியது. எமது பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. அவற்றுக்கு மின்ட் ஒத்துவருமா, அச்சுப்பொறி வேலை செய்யுமா என்பதையும் இதே பென் டிரைவினால், எதையும் மாற்றாமல், பரீட்சித்துப் பார்க்கலாம். அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தன்றே, கணினி நலமாக இருக்கும்போது, ஒருமுறை பழகிவிடுங்கள். வேலை முடிந்து மின்டை நிறுத்தும்போது, பென் டிரைவைக் கழற்றி 'என்டர்' விசையை அழுத்தும்படி திரையில் கேட்கும். அவ்வாறே செய்தால், அடுத்தமுறை கணினி வழமைபோல விண்டோஸிலேயே திறக்கும்.