தீ இருக்கும் கதவை மூடு... ஆள் இருக்கும் கதவைத் திற!

2021 அக்டோபர் 26. தீபாவளிக்கு ஒன்பது நாள்தான் பாக்கி. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலைக்குக் கிழக்கே இருக்கும் சங்கராபுரத்தில் ஒரு பட்டாசுக் கடை தீப்பிடித்தது. பக்கத்து பேக்கரியில் இருந்த சிலிண்டர்களும் வெடித்தன. பலர் உயிரிழந்தார்கள். அன்று தெருவில் இருந்தவர்கள் ஓடினார்கள். ஓட முடிந்ததால் தப்பித்தவர்கள் நிறைய பேர்.

ஓட முடியாத இடத்தில் தீப்பிடித்தால்?

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாடு ஒருமுறை பயங்கரமான பதிலைப் பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலம் குன்றியவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு கீற்றுக் கொட்டகை எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்துபோனார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. ஏர்வாடியில் இருந்த அப்படிப்பட்ட காப்பகங்கள் சில நாட்களிலேயே மூடப்பட்டன. அந்த 28 பேரின் உயிரைப் பறித்தது தீ மட்டுமல்ல, பூட்டும்தான்.

ஓட முடியாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சிறைச்சாலைகளில்.

கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பக்கத்தில் இருந்து ஒருவர் ரிமாண்ட் ஆகிக் கடலூர் மத்தியச் சிறைக்குப் போனால், குடும்பத்தார் மனு போட்டுப் பார்க்க நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். பலரும் மாற்றுத் துணியோடு போவார்கள். விசாரணைக் கைதி சொந்த உடையையே அணியலாம் என்பதால் அது தேவைப்படும் பொருள். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றவாளி என்று இன்னும் தீர்ப்பு வராதவர்கள். அவர்கள் உயிரோடு திரும்பி வர வேண்டிய பொறுப்பு, சாவியைக் கையில் வைத்திருப்பவருடையது.

சலவைக்கூடம் ஏன் ஆபத்து?

சிறைக்குள் தீ என்றால் எல்லோருக்கும் சமையல்கூடம்தான் ஞாபகம் வரும். சலவைக்கூடமும் அதற்குச் சளைத்ததல்ல. மூட்டை மூட்டையாகத் துணி, இஸ்திரிப் பெட்டி, மின் வயர்கள், பெரிய இடங்களில் உலர்த்தும் இயந்திரம் எல்லாம் ஒரே அறையில் இருக்கும்.

உலர்த்தும் இயந்திரத்தில் துணியில் இருந்து உதிரும் பஞ்சுத் தூசு வடிகட்டியிலும் குழாயிலும் சேரும். காற்று போக வழியில்லாமல் சூடு ஏறும்போது, ஒரு பொறி போதும். அமெரிக்காவில் மட்டும் வீடுகளில் துணி உலர்த்தும் இயந்திரங்களால் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள் நடப்பதாக அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் சொல்கிறது. முதல் காரணம், சுத்தம் செய்யாமல் விட்டது.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. சமையல்கூடத்தில் எண்ணெய் துடைத்த துணி, துவைத்த பிறகும் கொஞ்சம் எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும். அதைச் சூடாக உலர்த்தி, ஆறாமல் அடுக்கிவைத்தால், எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து தானாகவே சூடேறும். குவியலின் நடுவில் இருக்கும் சூடு வெளியே போக முடியாது. எல்லோரும் வேலை முடித்துப் போன சில மணி நேரம் கழித்து, யாரும் தீக்குச்சி கிழிக்காமலே புகையத் தொடங்கும்.

முதல் சில நிமிடங்கள்

சலவைக்கூடத்தில் புகை தெரிந்ததும் செய்ய வேண்டியவை வரிசையாக இவை. குரல் கொடுத்து மற்றவர்களை எச்சரிக்க வேண்டும். மெயினை அணைக்க வேண்டும். மின்சாரம் ஓடும் இடத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தீ சிறியதாக இருந்து, முதுகுக்குப் பின்னால் வெளியேறும் வழியும் இருந்தால் மட்டும் தீயணைப்பான். ஊசியை இழுத்து, தீயின் அடிப்பாகத்தைக் குறிபார்த்து, பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக அடிக்க வேண்டும். அது சில நொடிகளில் காலியாகிவிடும். அதற்குள் அடங்கவில்லை என்றால் வெளியே வந்து கதவை மூடிவிட வேண்டும். மூடிய கதவு தீக்குக் காற்று போவதைக் குறைக்கும், புகை பரவுவதைத் தாமதப்படுத்தும்.

அதே நேரத்தில் வேறு கதவுகள் திறக்க வேண்டும். புகை போகும் திசையில் இருக்கும் அறைகளின் கதவுகள். தீ விபத்தில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் ஜுவாலை அல்ல, புகை. துணி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்தில் இருப்பவர் எழாமலே போய்விடலாம்.

"கதவைத் திறந்தால் கைதி தப்பிவிடுவானே?" என்ற பயம்தான் இங்கே கையைக் கட்டிப்போடும். ஆனால் அறையைத் திறப்பது வேறு, சிறையைத் திறப்பது வேறு. வெளிமதிலுக்கு உள்ளேயே திறந்தவெளி இருக்கிறது. அங்கே கொண்டுவந்து உட்காரவைத்து, பெயர் கூப்பிட்டுத் தலை எண்ணினால் பாதுகாப்பும் கெடாது, யாராவது உள்ளே சிக்கியிருந்தால் அதுவும் உடனே தெரிந்துவிடும்.

இந்தப் பயத்துக்கு உலகம் கொடுத்த விலை பெரியது. 1930 ஏப்ரல் 21 அன்று அமெரிக்காவின் ஓஹையோ சிறையில் 322 கைதிகள் இறந்தார்கள். சுமார் 1,500 பேருக்கான இடத்தில் 4,300 பேர் இருந்தார்கள். அறைகளைத் திறப்பதில் ஏற்பட்ட தாமதம் சாவு எண்ணிக்கையைக் கூட்டியது. 2012 பிப்ரவரி 14 இரவு, மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸின் கொமயாகுவா சிறையில் 350-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீ தற்செயலானது என்றது விசாரணை. சாவி கையில் இல்லாததால் ஆட்களை வெளியே கொண்டுவர முடியவில்லை என்றது தீயணைப்புத் தரப்பு. இடையில் எண்பது ஆண்டுகள். பிரச்னை அதே சாவிதான்.

அதனால் சிறையில் தீ ஒத்திகை என்பது தீயணைப்பானை அடித்துக் காட்டுவதோடு முடியக் கூடாது. நள்ளிரவில், மின்சாரம் இல்லாதபோது, எந்தச் சாவி யாரிடம் இருக்கிறது, மாற்றுச் சாவி எங்கே, ஒரு வரிசை அறைகளைத் திறக்க எத்தனை நிமிடம் ஆகிறது, தீயணைப்பு வண்டி முதல் வாசலைக் கடந்து உள்ளே வர முடிகிறதா என்று பார்ப்பதுதான் உண்மையான ஒத்திகை.

உங்கள் வீட்டு கிரில் கேட்டுக்கும் சாவி உண்டு

திருட்டுக்குப் பயந்து இரவில் கிரில் கேட்டைப் பூட்டாத வீடு குறைவு. ஜன்னலுக்கும் கம்பி. தீப்பிடித்தால் அந்த வீடும் ஒரு சிறைதான்.

* உள்ளே பூட்டும் பூட்டின் சாவிக்கு ஒரே இடம் இருக்கட்டும். பாட்டி முதல் பேரன் வரை எல்லோருக்கும் அது தெரிந்திருக்கட்டும். இருட்டிலும் கைக்கு எட்டட்டும்.

* முதியவர்களையோ குழந்தைகளையோ உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

* எண்ணெய் பிடித்த துணியை வெந்நீரும் சோப்பும் போட்டுத் துவைத்து, வெயிலில் காயவைத்து, நன்றாக ஆறிய பிறகு மடியுங்கள். இஸ்திரி போட்டதும் பிளக்கைப் பிடுங்குங்கள்.

* புகை சூழ்ந்தால் குனிந்தோ தவழ்ந்தோ வெளியேறுங்கள். உடையில் தீப்பிடித்தால் ஓடாமல் தரையில் உருளுங்கள்.

* தீக்காயத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் விடுங்கள். பேனா மை, பற்பசை வேண்டாம்.

* வெளியே வந்ததும் 101 அல்லது 112-ஐ அழையுங்கள். பீரோவில் இருக்கும் பத்திரத்துக்காகத் திரும்பி உள்ளே போகாதீர்கள்.

இன்றிரவு கேட்டைப் பூட்டியதும் விளக்கை அணைத்துவிட்டு, வீட்டில் வயதில் மூத்தவரிடம் சாவியை எடுக்கச் சொல்லுங்கள். அவர் தடவித் தேடினால், சாவிக்கு வேறு இடம் பாருங்கள்.