இலைக்குள் ஒளிந்த பெயர்

மலைச் சித்திரம் என்றால் உங்கள் கண் முதலில் சிகரத்துக்குத்தானே ஓடும்? இந்தச் சித்திரத்தை மட்டும் அடியிலிருந்து பாருங்கள்.

வரைந்தவர் சீனத்து ஓவியர் ஃபான் குவான். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பட்டுத் துணியில் மையால் தீட்டியது. உயரம் 206 சென்டிமீட்டர். அகலம் அதில் பாதி. இன்று தைப்பே நகரின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அடியில் பாறைகள், ஓர் ஓடை. வலது ஓரத்தில் சுமை தூக்கி வரும் கோவேறு கழுதைகள்; ஓட்டி வரும் ஆட்கள். எல்லாம் எறும்பு அளவுதான்! அவர்களுக்கு மேலே பனிமூட்டம். அந்த இடத்தை ஓவியர் வெறுமையாகவே விட்டுவிட்டார். அதற்கு அப்பால் திடீரென்று எழுகிறது மலை. சித்திரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அதற்கே! பக்கத்து இடுக்கில் சரிகை இழைபோல் ஓர் அருவி.

அந்த மூட்டத்தை மனத்துக்குள் அழித்துப் பாருங்கள். மலை கீழே இறங்கி, வெறும் குன்றாகிவிடும். மலைக்கு உயரம் கொடுப்பதே அந்த வெற்றிடந்தான். மனத்தில் அமைதி நிறைவதும் அங்கேதான்.

சரி, ஓவியரின் பெயர் எங்கே? பல நூற்றாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 1958-ல் அகப்பட்டது. கழுதைகளுக்குப் பின்னால், மரத்து இலைகளுக்கு நடுவே, இரண்டே எழுத்துக்கள்!

ஒரு தம்ளர் வாங்கினாலும் பெயர் வெட்டி வைத்துக்கொள்கிறவர்கள் நாம். இவரோ இவ்வளவு பெரிய மலையைப் படைத்துவிட்டு, வழிப்போக்கர்களோடு தாமும் ஒருவராய் அதன் அடியில் ஒதுங்கிக்கொண்டார்.