விண்ணப்பம் எங்கே நின்றது?

கல்வராயன் மலையில், கல்லூரிச் சேர்க்கைக்காக இ-சேவை மையத்தில் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறீங்க. பணம் போயிடுச்சு, ஒப்புகைச் சீட்டு வரல. எங்கே தடை?

மையத்திலிருந்து போகும் கோரிக்கையும் சர்வரின் பதிலும் ‘மிடில்வேர்’ என்ற இடைநிலை நிரல் வழியாகவே போய்வரும்படி அமைக்கலாம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண், வந்த நேரம், பதில் குறியீடு, ஆன வினாடிகள் ஆகியவற்றை அது குறித்து வைக்கும். குறியீடு 500 என்றால் சர்வரில் கோளாறு. 200 என்றால் பதில் கிளம்பியாச்சு. வழியில் சிக்னல் விட்டிருக்கலாம். பதிவே இல்லையா? கோரிக்கை மிடில்வேர் வரை வந்தே சேரல.

ஆதார் எண்ணும் ஓடிபியும் மட்டும் இந்தப் பதிவில் அப்படியே இருக்கக் கூடாது; மறைத்தே எழுதணும். செர்ட்-இன் அமைப்பின் 2022 உத்தரவுப்படி பதிவுகளை 180 நாள் வைத்திருக்கணும்.

அதனால, மறுபடி பணம் கட்டும் முன், கட்டிய தேதியையும் நேரத்தையும் சொல்லிக் கேளுங்க.