இஞ்சினை மாற்றினால் மட்டும் போதுமா?



மழை நாளில் ஆளையும் உரத்தையும் ஏற்றிக்கொண்டு செம்மண் மேட்டில் திணறிய பழைய லேண்ட் ரோவர் வண்டியை நம்மில் பலர் அறிவோம். "பெரிய இஞ்சினாகப் பார்த்து மாட்டினால் பறக்குமே!" என்று சொல்வாரும் உண்டு. அது சரிதானா என்று இன்று ஆராய்வோம்.

1958ஆம் ஆண்டு முதல் 1985 வரை வந்த பல லேண்ட் ரோவர்களில் இருந்தது 2,286 சி.சி. பெட்ரோல் இஞ்சின். அதன் வலு ஏறத்தாழ 70 குதிரைச் சக்தி. இந்த வலு கிளட்ச், கியர் பெட்டி, துணைக் கியர் பெட்டி, சுழல் தண்டு, அச்சுத் தண்டு ஆகிய அனைத்தையும் கடந்துதான் சக்கரத்தை அடைகிறது. கிணற்றுக் கயிறு பழையதாக இருக்க, வாளியை மட்டும் பெரிதாக்கினால் என்ன ஆகும்? கயிறு அறுந்துவிடும் அல்லவா? அதுதான் இங்கேயும் நடக்கும்.

சிறிய கியரில் முறுக்கு விசை பல மடங்கு பெருகுகிறது. ஆகவே அச்சுத் தண்டு பெரும்பாலும் சமதரையில் முறியாது. ஆட்கள் அமர்ந்திருக்க, மேட்டில் ஏறும்போதுதான் முறியும். இந்த வண்டியின் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை. துணைக் கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. பின் அச்சுத் தண்டு முறிந்தால் கைப்பிரேக் பின் சக்கரங்களைப் பிடிக்காது. அப்போது வண்டி பின்னோக்கி உருளக்கூடும். இதில் நம் உயிர் அல்லவா அடங்கியிருக்கிறது!

வண்டியைச் செய்தவர்களே என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். 1979இல் அவர்கள் 3.5 லிட்டர், எட்டு சிலிண்டர் இஞ்சினை லேண்ட் ரோவரில் பொருத்தினார்கள். அப்போது பழைய கியர் பெட்டியை வைத்துக்கொள்ளவில்லை. ரேஞ்ச் ரோவரின் உறுதியான கியர் பெட்டியைப் பூட்டி, வண்டியின் முகப்பை முன்னே தள்ளினார்கள். அதன் பிறகும் இஞ்சினின் வலுவை 91 குதிரைச் சக்தியாகக் குறைத்தே விட்டார்கள்.

பட்டறையில் இஞ்சின் மாற்றுவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. இஞ்சினையும் கியர் பெட்டியையும் சேர்க்கும் இணைப்புத் தட்டு, இரண்டின் தண்டுகளையும் நேர்கோட்டில் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் பேரிங் தேய்ந்துபோகும். கனமான இஞ்சினுக்கு ஏற்ற ஸ்பிரிங்கும் ரேடியேட்டரும் வேண்டும். பெட்ரோல் இஞ்சினை எடுத்துவிட்டு டீசல் இஞ்சின் வைத்தால், பிரேக்குக்குத் துணைசெய்யும் காற்றுறிஞ்சும் விசை பழையபடி கிடைக்காது. அதற்கெனத் தனிப் பம்பு பொருத்த வேண்டும். இல்லையேல் இறக்கத்தில் மிதி இறுகி நிற்கும்.

மேலும், இஞ்சின் எண் வாகனப் பதிவில் இருக்கிறது. ஆகவே பரிசோதனையும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் பெற வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

இவ்வளவு செலவுக்கு முன் எளிய வழிகளைப் பார்ப்போம். காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா? கிளட்ச் வழுக்குகிறதா? சிவப்புக் குமிழ் உள்ள குட்டைக் கம்பியை, வண்டியை நிறுத்திவிட்டு, பின்னால் இழுத்தால் மெதுவான கியரும் நான்கு சக்கர ஓட்டமும் ஒருங்கே கிடைக்கும். மேட்டில் ஏற வேகம் தேவையில்லை. நிதானமான இழுப்பே தேவை.

வலுவைக் கூட்டுமுன் அதைத் தாங்கும் உறுப்புகளையும், அடக்கும் பிரேக்கையும் சரிபார்ப்போம். வண்டியில் ஏறுகிறவர்கள் நம் பெற்றோரும் பிள்ளைகளும்தான்.