முறுக்கு பாக்கெட்டில் கணக்குப் பாடம்: ஒரு டீச்சரின் ஐடியா அடுத்த பள்ளிக்குப் போவது எப்படி?

சேலம் மாவட்டம் ஆட்டையாம்பட்டி என்றாலே முறுக்குதான் நினைவுக்கு வரும். அந்த ஊரில் ஒரு தொடக்கப் பள்ளி வகுப்பைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு குழந்தைக்கு 34 என்று எழுதத் தெரிகிறது. ஆனால், அதிலுள்ள 3-க்கு மதிப்பு 30 என்பது பிடிபடவில்லை.

டீச்சர் முறுக்கையே கையில் எடுக்கிறார். பத்து முறுக்கு ஒரு பாக்கெட், மிச்சம் உதிரி. 3 பாக்கெட், 4 உதிரி. 34 ஆச்சா? இப்போ 8 முறுக்கு கொடுக்கணும். உதிரி 4தானே இருக்கு! ஒரு பாக்கெட்டைப் பிரிச்சாத்தான் முடியும். கழித்தலில் ‘கடன் வாங்குவது’ என்று நாம் மனப்பாடம் செய்தது இதைத்தான்.

இப்படி ஒரு ஐடியா பிறந்த வகுப்பறையைத் தாண்டி வெளியே போகிறதா என்பதுதான் கேள்வி.

பகிராவிட்டால் என்ன நஷ்டம்?

கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் 5 வகுப்புகளுக்கு 2 ஆசிரியர்கள்தான். ஒவ்வொரு பாடத்துக்கும் புதிதாகக் கற்பித்தல் உபகரணம் தயாரிக்க அவர்களுக்கு நேரம் கிடையாது. இன்னொரு சிக்கல், இடமாறுதல். கவுன்சிலிங்கில் ஆசிரியர் வேறு ஊருக்குப் போனால் சார்ட்டுகள் சுவரிலேயே இருக்கும். அவற்றை எப்படிப் பயன்படுத்தினார் என்பது அவரோடு போய்விடும். அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த இடைவெளியில் பின்தங்குவது ஏதோ ஒரு குழந்தை.

தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடி உண்டா?

உண்டு. ஆந்திராவின் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலி பள்ளியின் கிராமக் கல்வி மையம், பாடங்களைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்துக் கற்பிக்கும் முறையை உருவாக்கியிருந்தது. அதை அடியொற்றி 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அப்போதைய ஆணையர் எம்.பி.விஜயகுமாரின் முயற்சியில், ‘செயல்வழிக் கற்றல்’ தொடங்கியது. பிறகு அது மாநிலம் முழுவதும் பரவியது. ‘ஏபிஎல் அட்டை’ என்றால் இன்று 20 வயதைத் தொட்ட பலருக்கு நினைவிருக்கும்: தரையில் உட்கார்ந்து எழுத கீழ்மட்டக் கரும்பலகை, வரைந்ததைத் தொங்கவிட கம்பிப் பந்தல், அவரவர் வேகத்தில் ஏற ஒரு கற்றல் ஏணி.

ஓரிடத்தில் உருவான ஐடியா மாநில எல்லை தாண்டி வந்ததற்கு இது நல்ல உதாரணம். ரிஷிவேலியிலிருந்து வந்தது அட்டைகள் மட்டுமல்ல, அவற்றை வகுப்பில் பயன்படுத்தும் முறையும்தான்.

இப்போது என்ன வழிகள் இருக்கின்றன?

கொரோனா கால இடைவெளியைச் சரிசெய்ய 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரிக்கிறது. ஆசிரியர் கையேடும் பயிற்சி நூல்களும் இதில் கிடைக்கின்றன. பாடநூல்களில் உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் ‘தீக்‌ஷா’ தளத்தின் வீடியோக்களைப் பார்க்கலாம். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகப் படிக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம்.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சந்தித்துப் பேச குறுவள மையக் கூட்டங்கள் இருக்கின்றன. அப்புறம், இருக்கவே இருக்கிறது வாட்ஸ்அப். ஆனால், அங்கே போட்ட பிடிஎஃப் நாலு நாளில் ‘குட் மார்னிங்’ மெசேஜ்களுக்கு அடியில் போய்விடும்.

காப்பிரைட் பிரச்சினை வருமா?

ஆசிரியரும் மாணவரும் கற்பித்தலின்போது ஒரு படைப்பை நகலெடுக்க, 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தருகிறது. அடுத்தவர் புத்தகத்தை அப்படியே ஸ்கேன் செய்து இணையத்தில் எல்லோருக்கும் ஏற்றுவது வேறு கதை. அதற்கு அனுமதி தேவைப்படும். நீங்களே தயாரித்தது என்றால் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமத்தில் வெளியிடலாம். ‘என் பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம், மாற்றிக்கொள்ளலாம்’ என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் ஏற்பாடு இது.

எதைப் பகிர வேண்டும்?

முறுக்கு உதாரணத்துக்கே வருவோம். அதை அழகான படமாக வரைந்து அனுப்பினால் என்ன ஆகும்? படத்திலிருக்கும் பாக்கெட்டைப் பிரிக்க முடியாது. பாடத்தின் உயிரே அந்தப் பிரிப்பதில்தான் இருக்கிறது!

அதனால், கூடவே நாலு வரி போக வேண்டும். எந்தக் குழந்தைகளுக்கானது? என்னென்ன பொருள் வேண்டும்? எந்த இடத்தில் குழந்தைகள் தடுமாறினார்கள்? அந்தப் பொருள் இல்லாத ஊரில் என்ன செய்யலாம்? முறுக்கு கிடைக்காத ஊரில் ரப்பர் பேண்ட் போட்ட ஐஸ் குச்சிக் கட்டு போதும். புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகப் பொட்டலம் கட்டினாலும் சரிதான். ஆனால், பிரிக்கும்படி இருக்க வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

ஆசிரியராக இல்லாவிட்டாலும் வேலை இருக்கிறது. ஒரு கதையை மொழிபெயர்க்கலாம். தெரிந்த டீச்சரின் கைப்பிரதியை டைப் செய்து தரலாம். படித்த பள்ளிக்கு ஒரு பிரின்டரோ அதற்கு இங்கோ வாங்கித் தரலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, நீங்கள் படித்த பள்ளியின் டீச்சரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “டீச்சர், உங்க கிளாஸ்ல நல்லா வொர்க் அவுட் ஆன ஒரு விஷயத்தைச் சொல்லுங்களேன், நான் எழுதிக்கிறேன்.”