திரையில் காட்டிப் பேசும்போது கவனிக்க வேண்டியவை



மாநகராட்சிக் கடை வாடகை பற்றி முறையிடுவதானாலும், வரி விளக்கக் கூட்டமானாலும், வங்கியில் கடன் கேட்பதானாலும் இப்போது "பவர்பாயிண்ட் கொண்டு வந்திருக்கிறீர்களா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நமக்குப் பேசக் கிடைப்பது பத்து நிமிடம். அதில் ஐந்து நிமிடம் ஒயரைச் செருகுவதிலும், எழுத்து வராமல் விழிப்பதிலும் கழிந்தால், நம் தரப்பு நியாயம் சொல்லப்படாமலேயே கூட்டம் கலைந்துவிடும். நம்மவர் பலர் எல்லாவற்றையும் மகனிடமோ கணக்குப் பிள்ளையிடமோ செய்யச் சொல்லிவிட்டு மேடை ஏறுகிறார்கள். அவர்கள் செய்து தரட்டும். ஓட்டும் விதத்தைப் பேசுகிறவர் அறிந்திருக்க வேண்டும்.

1987-ல் அமெரிக்காவில் ஃபோர்தாட் என்ற நிறுவனத்தில் ராபர்ட் காஸ்கின்ஸ் குழுவினர் இந்த மென்பொருளை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் 1 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்து அந்த நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. நல்ல கொள்முதல் என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலில் திரையில் என்ன எழுதுவது என்பதைப் பார்ப்போம். 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு, 25 கிலோ வரையிலான சிப்பம் என்றால் 5 சதவீத வரி என்று வந்தது. அந்தச் சமயம் நாம் போயிருந்த ஒரு கூட்டத்தில், அறிவிக்கை முழுவதையும் ஆங்கிலத்திலேயே திரையில் ஏற்றி ஒருவர் வாசித்தார். பின்வரிசையில் இருந்தவர்களுக்கு எறும்பு ஊர்வது போலத் தெரிந்தது. உண்மையில் நம் வியாபாரிகளுக்குத் தேவைப்பட்டது மூன்றே படங்கள். 25 கிலோ மூட்டை, வரி உண்டு. 30 கிலோ மூட்டை, வரி இல்லை. 10 கிலோ சில்லறைப் பைகள் பத்தை ஒரே மூட்டையாகக் கட்டியது, வரி உண்டு. படத்தின் கீழே நாலு சொல் போதும். மீதியை வாயால் சொல்லலாம். கடை முகப்பில் கிடங்குச் சரக்கு முழுவதையும் நாம் குவிப்பதில்லையே!

'ஆனிமேஷன்' பகுதியில் 'அப்பியர்' என்ற ஒன்று போதும். ஒரு தட்டுக்கு ஒரு மூட்டை வரும். கேட்பவர் கவனம் அதிலேயே இருக்கும். சுழன்று வருவது, குதித்து வருவதெல்லாம் திருவிழா சீரியல் விளக்குக்குச் சரி.

பேசும்போது சில விசைகள் கைகொடுக்கும். எஃப் 5 தட்டினால் முதலிலிருந்து ஓடும். ஷிப்டுடன் சேர்த்துத் தட்டினால் இருக்கும் இடத்திலிருந்தே ஓடும். அதிகாரி திடீரென்று ஏழாவது படத்தைக் கேட்டால் 7 தட்டி 'என்டர்' அழுத்த வேண்டியதுதான். 'பிளாக்' என்ற சொல்லின் முதல் எழுத்தான 'பி'யைத் தட்டினால் திரை கறுத்துவிடும், மறுபடி தட்டினால் வரும். முக்கியமான வாதத்தைச் சொல்லும்போது திரையைக் கறுப்பாக்கிவிட்டால் எல்லோரும் நம் முகத்தைப் பார்ப்பார்கள். நமக்கு மிகவும் பிடித்த விசை இது.

'பிரசென்டர் வியூ' என்ற வசதியில், நம் குறிப்பும் அடுத்த படமும் கடிகாரமும் நம் லேப்டாப்பில் மட்டும் தெரியும். சபையோருக்குப் படம் மட்டுமே தெரியும். இதற்கு விண்டோஸ் விசையுடன் ஆங்கில 'ப்ரொஜக்ட்' என்பதன் முதல் எழுத்தை அழுத்தி, 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தமிழ் எழுத்து விஷயத்தில் எச்சரிக்கை தேவை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால், அது இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளாக நிற்கும். யூனிகோடில் அடிப்பதே நல்லது. கூடவே பிடிஎஃப் பிரதி ஒன்றைப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிச் சொல்வதுதான் நம் போன்றோருக்கு மிக முக்கியம். எக்ஸெல் கணக்கிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து ஒட்டும்போது 'எம்பெட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், படம் மட்டும் வராது. அந்தக் கணக்குப் புத்தகம் முழுவதும் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். விற்பனை வரைபடத்தைக் காட்டி, கூட்டம் முடிந்ததும் "எனக்கும் அனுப்புங்கள்" என்றவருக்கெல்லாம் கோப்பை அனுப்பினால், நம் கொள்முதல் விலையும், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதும் போட்டிக் கடைக்காரர் கைக்குப் போகலாம். ஆகவே ஒட்டும்போதே 'பிக்சர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மறைத்து வைத்த படங்களும், நமக்காக எழுதிய குறிப்புகளும்கூடக் கோப்பில் அப்படியே இருக்கும். 'ஃபைல்', 'இன்ஃபோ' வழியாகப் போய் 'இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட்' கொடுத்தால் இந்தக் குறிப்புகளைக் கண்டுபிடித்து நீக்கித் தரும். மூலக் கோப்பில் செய்துவிடாதீர்கள், நம் குறிப்பும் போய்விடும். வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து, அதில் செய்து அனுப்புங்கள்.